கடைசிக்கு முந்தின அசை

அந்த யோசனை எனக்குத் தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கணினித் திரைக்குப் பின்னால் கொட்டாவியை ஒளித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து மேசைக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் மேசையைத் தட்டியபடி ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னார்.

"ஜெ-வியெஞ்-ஜெ-ஷெஞ்-சோ-ஜெ-வியெஞ்-சோ-லெத்-னி."

எட்டுத் தட்டும் விரலால். ஒன்பதாவது மட்டும் உள்ளங்கையால், டம் என்று. பத்தாவது மறுபடியும் விரல், பட்டும் படாமலும்.

போலிஷ் மொழியில் 'தொண்ணூற்றொன்பது வயதான' என்பது ஒரே சொல். பத்து அசை. எங்கள் குழுவில் ஆறு பேர் இருந்தோம். அதுவரை ஒருவரும் அதைத் தடுக்கி விழாமல் சொன்னதில்லை. சொல்லிவிட்ட இந்த மனிதரோ, அன்று காலை வாசலில் புது செக்யூரிட்டி கேட்டபோது தன் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் அரை நிமிடம் நின்றவர். பின்னாலிருந்து நான்தான் சொன்னேன்.

நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"ப்ரோ, நீங்க வாய்ஸ் டெஸ்டுக்குப் பேர் குடுங்க."

அவர் வாயைத் திறந்தார். 'ப' என்று உதடுகள் ஒட்டின. ஒட்டியது ஒட்டியபடியே நின்றது.

"பயமா இருக்கா? பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார். நான் பேசி ஓயும்வரை காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து அல்ல, தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கினார்.

"பன் இருக்கு. வேணுமான்னு கேக்க வந்தேன்."

மேசை இழுப்பறையில் பேக்கரித் தாளில் சுற்றிய கார பன் ஒன்று இருந்தது. வெட்கத்தோடு பாதியை வாங்கித் தின்றேன். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல இந்த ஒரு சம்பவம் போதும். நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லவும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. அந்தப் பெயரை அவருக்காக நான் நிறையவே சொல்லிவிட்டேன்: செக்யூரிட்டியிடம், கேன்டீனில், மீட்டிங் தொடங்கும்போது ஆளாளுக்குத் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் அந்தச் சடங்கில். இனி அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. கன்னடம் புழங்கும் ஊரில், பழைய மெட்ராஸ் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றுக்குப் போலிஷ் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. பட்டியலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரிக்க வேண்டும். எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று குறி வைக்க வேண்டும். போலந்தை வரைபடத்தில் மட்டுமே பார்த்த ஆறு பேர் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தோம். நான் மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலூரிலிருந்து வந்தவள்; அகப்பட்ட மொழியை எல்லாம் ஆறு மாதம் படித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிற ரகம். அவர் காக்ஸ் டவுனில் அக்கா வீட்டில் இருந்தார். முன்பு வேறொரு கம்பெனியில் போலந்துக்காரர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருந்தபோது தானாகவே மொழியைக் கற்றுக்கொண்டவர்.

போலிஷ் உரிச்சொற்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். 'கரும்பச்சை' ஒரு சொல், 'வடகிழக்கு' ஒரு சொல், 'இருபத்தொன்பது வயதான' ஒரு சொல். ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே போகலாம். எவ்வளவு நீளமானாலும் பெரிய அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில்தான் விழும். முன் பெட்டியில் லேசாக ஒரு அழுத்தம் இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் முதல் மாத வேலை அப்படியே திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கான சொற்களில் பெரிய அழுத்தத்தை முதல் அசையிலேயே வைத்திருந்தோம். நம் வாய் அப்படி. எந்தச் சொல்லையும் எடுத்த எடுப்பில் அமுக்கிவிட்டு மிச்சத்தை ஓட்டிவிடுவோம். டீம் லீட் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒருவருடைய பட்டியலில் மட்டும் பிழையே இல்லை.

"எப்படி ப்ரோ?"

அவர் காற்றில் மாடிப்படி வரைந்து காட்டினார். "எனக்கு ஒரு வார்த்தைக்குள்ள போறதே பயம். அதனால மொதல்ல பின்னாடி போய்ப் பாப்பேன். கடைசிக்கு முந்தின படி எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சுன்னா, அங்கதான் கால வெக்கப்போறோம்னு மனசுக்குத் தெரியும். அப்புறம் ஏறிடலாம்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. நான் நடுவில் நான்கு முறை உதவினேன். நான்கு முறையும் பின்னால் போய் முதலிலிருந்து சொன்னார்.

"உங்களுக்குத் திக்கறது எப்பலேர்ந்து?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எனக்குத் திக்காது. நிக்கும்," என்றார்.

உண்மைதான். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவரிடம் கிடையாது. சொல் வாசலில் வந்து நிற்கும். முகம் சிலை மாதிரி ஆகிவிடும். கழுத்து நரம்பு மட்டும் தெரியும். 'க'வும் 'ப'வும்தான் அவருக்கு எதிரிகள். காபிப் பிரியர், ஆனால் கடையில் டீதான் கேட்பார். கார் வரச்சொல்லி ஆப்பில் போட்டால் டிரைவர் போன் செய்து, "எல்லி சார் பர்பேக்கு? ஹலோ? ஹலோ?" என்று, எங்கே வர வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்பார். இந்தப் பக்கம் அமைதி. டிரைவர் கேன்சல் செய்துவிடுவார். பிறகு சாலையில் ஆட்டோவை நிறுத்தி, 'காக்ஸ் டவுன்' வராமல் 'மர்பி டவுன்' என்று சொல்லி ஏறி, அங்கே இறங்கி வீடு வரைக்கும் நடப்பார். ஒரு சொல்லுக்குள் நுழையாமல் இருக்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுற்றுவார். ஆனால் நுழைந்துவிட்டால் பாதியில் வெளியே வரமாட்டார். வேறு யாராவது முடித்து வைத்தாலும் ஏற்கமாட்டார். பாதியில் விட்ட சொல் என்று ஒன்று அவரிடம் நான் பார்த்ததே இல்லை. ஒன்றைத் தவிர.

என் கதை வேறு. ஒருவர் பேச்சு நடுவில் நின்றால் அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி எனக்குப் பதறும். பாய்ந்து போய் இறக்கிவிடுவேன். அவருக்கு நான் இறக்கி வைத்த சொற்களுக்குக் கணக்கில்லை. அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் 'வக்கீலம்மா'. "என் சார்பா என் வக்கீலம்மா பேசுவாங்க," என்று கேன்டீனில் சைகையாலேயே சொல்லிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதைப் பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின வாரம் டீம் லீட் எங்களை அழைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். "குறி வெக்கற வேலை முகீத்து, முடிஞ்சிடுச்சு. மெஷின் கத்துக்கிச்சு. ஆறு பேர்ல ரெண்டு பேரதான் வெச்சுக்கறாங்க. வாய்ஸுக்கு. படிச்சுக் காட்டணும், போலந்து டீமோட பேசணும். டெஸ்ட் இருக்கு. ஸாரி குரு, என் கையில ஒண்ணும் இல்ல."

எல்லோரும் பக்கத்து மேசைக்காரரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுவே பார்த்த மாதிரி இருந்தது.

அவருடைய அத்தான் அதற்குள் ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு கோடவுனில் வேலை பார்த்து வைத்திருந்தார். பார்சலை ஸ்கேன் செய்து பெல்ட்டில் போட வேண்டும்.

"நல்ல வேலைன்னு சொல்றாங்க," என்றார் அவர். மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் நிழலில் நின்றிருந்தோம். "நாள் பூரா ஒரு வார்த்தை பேச வேணாமாம். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடான்னு அக்கா சந்தோஷப்படுது."

"அப்ப என்ன?"

கழுத்து நரம்பு எழும்பியது. அப்போது ஏனோ என்னால் எதையும் ஊகிக்க முடியவில்லை. அதனால் சும்மா இருந்தேன்.

"பேசவே வேணாம்னா, அப்புறம் நான் பேசவே மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அதான் பயமா இருக்கு."

அன்றே பேர் கொடுத்தார். நானும் கொடுத்தேன். டெஸ்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தினமும் மதியம் அந்த டேங்க் நிழலில் பயிற்சி. மைக்கில் சத்தம் விழும் என்பதால் மேசையைத் தட்டக்கூடாது. தொடையில் தட்டப் பழகினார். நான் சொல்லைக் காட்டுவேன், அவர் பின்னாலிருந்து எண்ணுவார், பிறகு ஏறுவார். முதல் இரண்டு நாள் நான் கெடுத்தேன். அவர் மூச்சு இழுக்கும் இடைவெளியில் என் வாய் முந்திக்கொள்ளும். மூன்றாம் நாள் அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"வாய்ல ஊத்திக்கோங்க. முழுங்கக் கூடாது."

"என்னது?"

"நான் முடிக்கற வரைக்கும். வேற வழி தெரியல வக்கீலம்மா."

கன்னம் உப்ப நான் நிற்க, எதிரே நின்று அவர் 'இருபத்தொன்பது வயதான' என்ற எட்டு அசைச் சொல்லைச் சொன்னார். அதுதான் அப்போது அவர் வயது. த்வு-ஜெ-ஸ்தோ-ஜெ-வியெஞ்-சோ, பிறகு உள்ளங்கை தொடையில் விழ, லெத், பிறகு னி. சிரிப்பு வந்து தண்ணீரை அவர் சட்டையிலேயே துப்பிவிட்டேன். மாடியைக் கழுவ வந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருமுறை எங்களைப் பார்த்து, "ஏன்மா, பல்லு வலியா?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டே தலையாட்டினேன். லவங்கம் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீர் வாயில் இருந்த நாட்களில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவர் நிற்கும் நேரம் நான் நினைத்த அளவு நீளமே இல்லை. மூன்று வினாடி, நான்கு வினாடி. முடிவில்லாமல் நீண்டதெல்லாம் என் அவசரத்தில்தான்.

கண்டுபிடித்தேன் என்று எழுதிவிட்டேன். அப்போது அது எனக்கு உறைத்திருந்தால் இந்தப் பக்கங்களை எழுத வேண்டியிருக்காது.

டெஸ்ட் நாள் இரண்டிரண்டு பேராக மீட்டிங் அறைக்குள் விட்டார்கள். நானும் அவரும் ஜோடி. சுவர்த் திரையில் போலந்திலிருந்து ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர், கனிவான முகம். ஓரத்தில் லேப்டாப்போடு டீம் லீட். ஆளுக்குப் பன்னிரண்டு சொல். முதலில் நான். படபடவென்று படித்து முடித்தேன்.

அடுத்து அவர். பெயரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். திரையில் அந்தப் பெண்மணி புருவத்தை உயர்த்திவிட்டுக் குறித்துக்கொண்டார்.

சொற்கள் ஆரம்பித்தன. கரும்பச்சை. வடகிழக்கு. இருபத்தைந்து வயதான. மேசைக்கு அடியில் விரல் தொடையில் தட்டுவது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லிலும் கடைசிக்கு முந்தின அசையில் உள்ளங்கை விழுந்தது, குரலும் அங்கேயே விழுந்தது. பதினொரு சொல். திரையில் அந்தப் பெண்மணி புன்னகைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்ததைவிட நன்றாகவே சிரித்தார்.

பன்னிரண்டாவது, தொண்ணூற்றொன்பது.

ஜெ-வியெஞ்-ஜெ-ஷெஞ்-சோ-ஜெ-வியெஞ்-சோ.

நின்றார்.

ஒரு வினாடி. இரண்டு. முகம் அசையவில்லை. அந்தப் பெண்மணி திரைக்கு அருகே குனிந்து, "ஹலோ? கேட்கிறதா?" என்று போலிஷில் கேட்டார். அசையாத முகத்தைப் பார்த்து நெட் நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறார். மூன்று. டீம் லீட் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். என் உள்ளே பால் பொங்கியது.

"லெத்னி," என்றேன்.

சொன்ன பிறகுதான் மேசைக்கு அடியில் பார்த்தேன். அவருடைய உள்ளங்கை தொடைக்கு ஒரு ஜாண் மேலே தூக்கியபடி இருந்தது. இறங்கத் தயாராக.

அவர் மாட்டிக்கொண்டிருந்தாரா, அழுத்தம் தருவதற்காக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் ஒரு வினாடி வேண்டியிருந்தது.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுதினார். அவர் முதலிலிருந்து தொடங்கினார். "ஜெ-வியெஞ்..." டீம் லீட் கையைக் காட்டினார். "சாகு, சாகு. போதும். டைம் ஆயித்து, அடுத்த ஜோடி வெளிய நிக்கறாங்க." மியூட் பொத்தானை அழுத்தினார். திரையில் அந்தப் பெண்மணி வாயசைத்து விடைபெற்று மறைந்தார். கறுத்த திரையைப் பார்த்தபடி அவர் சொல்லிக்கொண்டே போனார். பத்து அசையும். உள்ளங்கை தொடையில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அப்படிச் சுத்தமாக அந்தச் சொல்லை அதற்குப் பிறகு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. எங்கள் மென்பொருளின் வாயிலும்.

சாயந்திரம் முடிவு வந்தது. என் பெயர் இருந்தது.

"அவருக்கு என்ன சார் ஆச்சு?" என்று டீம் லீடிடம் போனேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெட் போயிருந்தா மறுபடி கேட்டிருப்பேன்னு சொல்றாங்க அந்தம்மா. பக்கத்துல இருந்தவங்க சொல்லிக் குடுத்துட்டாங்க, அதனால எடுக்க முடியாதாம். பேரயும் நீதானே சொன்ன? தன்னந்தனியா பேச மாட்டார்னு எழுதிட்டாங்க." பிறகு, "நீ நல்லதுக்குத்தான் பண்ண, பிடு," என்றார். விடு என்பதை அவர் கன்னடத்தில் சொன்னார். என்னால் எந்த மொழியிலும் விட முடியவில்லை.

ஓடினேன். அவர் லிஃப்டுக்குள் நின்றிருந்தார். தோளில் பை, கையில் மேசையிலிருந்து எடுத்த டீ கப். என்னைப் பார்த்ததும் கதவு மூடாமல் இருக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். வாயைத் திறந்தார். 'ப' என்று உதடுகள் ஒட்டின.

நான் அழுதுகொண்டிருந்தேன். "பரவால்லன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ரோ, ப்ளீஸ்," என்றேன்.

அவர் உதடுகள் பிரிந்தன. சத்தம் எதுவும் வரவில்லை. காத்திருந்து மறுபடி தொடங்குவார் என்று நின்றேன். தொடங்கவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

பரவாயில்லை என்று சொல்ல வந்தாரா, பாவி என்றா, பேசாதே என்றா, போய் வேலையைப் பார் என்றா? அல்லது மறுபடியும் பன்னைப் பற்றி ஏதாவதா? நான்கு வருடமாக அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மெசேஜ் அனுப்பினேன். நீளநீளமாக. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். போன் செய்தால் எடுக்கமாட்டார். எடுத்து என்ன செய்வார்?

போன வாரம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் அவருடைய அக்காவைப் பார்த்தேன். ஒருமுறை அலுவலகத்துக்குச் சாவி வாங்க வந்தவர். அவரே அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏன்மா, நீ அந்த போலந்து ஆபீஸ் பொண்ணுதானே? அவன் உன்னப் பத்தி நெறய சொல்வான். வக்கீலம்மா வக்கீலம்மான்னு."

"எப்படி இருக்காரு அக்கா?"

அவர் கத்தரிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தார். "வேலைக்குப் போறான், வர்றான். பேசறதுதான் இல்லமா. மொதல்ல வெளிய பேச மாட்டான், வீட்ல நல்லாத்தான் பேசுவான். இப்ப வீட்லயும் இல்ல. சாம்பார் வேணும்னாகூட போன்ல டைப் பண்ணி எனக்கே காட்டறான். பசங்க மாமாவுக்கு வாய் வராதுன்னே நெனச்சிட்டிருக்குதுங்க." பையைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் விடல. சாப்பிட ஒக்காந்தா மேசையத் தட்டிட்டே இருப்பான். தட்டித் தட்டி, கடைசில ஒரு அடி. ஏன்டா இப்டி தட்டறேன்னு கேட்டா சிரிக்கிறான்."

"கடைசியிலயா, கடைசிக்கு முன்னாலயா?"

"என்னம்மா கேக்கற?"

"அடி விழுந்தப்புறம் இன்னொரு தட்டு இருக்கா அக்கா?"

அவர் யோசித்தார். கத்தரிக்காய்க் கடைப் பலகையில் விரலால் தானே தட்டிப் பார்த்தார். "ஆமா," என்றார். "மெதுவா ஒண்ணு."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே சொல் இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.

எனக்கு இப்போது இருபத்தொன்பது. அந்த எட்டு அசைச் சொல் இப்போது என் வயது. அவருக்கு முப்பத்து மூன்று. அதற்கு ஆறு அசைதான், உள்ளங்கை ஐந்தாவதில் விழ வேண்டும். அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பான், வா" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

ஐந்து நாளாக அறையில் பயிற்சி செய்கிறேன். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு முதல் நாள் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன். நேற்று பதினொரு நிமிடம். தாடை வலிக்கிறது. போதுமா என்று தெரியவில்லை. நான்கு வருடம் பூட்டிக் கிடந்த வாசல். பதினொரு நிமிடத்தில் திறக்குமா? திறக்காமலே போய்விட்டால்? அவர் போனை எடுத்து டைப் செய்து காட்டிவிட்டால்? அதைப் படிக்கமாட்டேன். கண்ணை மூடிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் போய் மர்பி டவுனில் இறங்கி, அங்கிருந்து அவர் நடந்த வழியில் நடந்து போகப் போகிறேன். பையில் இரண்டு கார பன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: அன்னிக்கு லிஃப்ட்ல என்ன சொல்ல வந்தீங்க? அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. பிறகு எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி பாட்டிலைத் திறந்து, வாய் நிறைய எடுத்துக்கொள்வேன்.